செய்தியைச் சொன்னவர் யார்?

வில்லை விட்ட அம்பும் வாயை விட்ட சொல்லும் மீளா என்பர் பெரியோர். அச்சில் ஏறிய சொல்லின் நிலை அதனினும் கொடிது. வாய்ச்சொல் கேட்டவரோடு நின்றுவிடவும் கூடும். அச்சிட்ட சொல்லோ ஒரே காலைப்பொழுதில் இலட்சக்கணக்கான இல்லங்களுக்குள் நுழைந்து அங்கேயே குடியமர்ந்துவிடுகிறது. பின்னர் வரும் மறுப்போ வாசற்படியைத் தாண்டுவதில்லை. 'பத்திரிகையிலேயே வந்துவிட்டதே!' என்பதே பலருக்குப் போதிய சான்றாகிவிடுகிறது. ஒரு செய்தி அச்சாகியிருப்பது வேறு, அது மெய்யாயிருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஒரு நகரத்து மக்களுக்கு 27 ஆண்டுகள் பிடித்த வரலாறு இங்கிலாந்து நாட்டில் உண்டு. நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிகள் கால்பந்து அரையிறுதிப் போட்டியில் மோதின. லிவர்பூல் ரசிகர்களுக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் நுழைவழிகள் போதாமையால் வெளியே நெருக்கடி முற்றியது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, காவல்துறையின் பொறுப்பதிகாரி பெரிய வெளிவாயில் ஒன்றைத் திறந்துவிட ஆணையிட்டார். அவ்வழியே வந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் எதிரே தெரிந்த சுரங்கப்பாதைக்குள் சென்றனர். அது ஏற்கனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்கு இட்டுச்செல்லும் பாதை. அதனை அடைத்து மக்களை வேறு பக்கம் திருப்பிவிட எவருமில்லை. முன்புறமும் பக்கங்களிலும் கம்பிவேலி சூழ்ந்த அவ்விடத்தில் மக்கள் நசுங்கினர், மூச்சுத் திணறி மாண்டனர். அன்றே இறந்தவர்கள் 94 பேர். காயமுற்றுப் பின்னர் உயிர்நீத்தவர்களையும் சேர்த்து 97 பேர். அவர்களில் மிக இளையவர் 10 வயதுச் சிறுவர். கடைசி மரணம் நிகழ்ந்தது 2021-ஆம் ஆண்டில்.

மைதானத்தில் உயிர்கள் பிரிந்துகொண்டிருந்த வேளையிலேயே பொய்யும் பிறந்துவிட்டது. வாயிலைத் திறக்க ஆணையிட்ட அதே அதிகாரி, ரசிகர்களே முண்டியடித்து அதைத் திறந்துவிட்டதாகக் கால்பந்துச் சங்கத்தாரிடம் சொன்னார். அச்சொல் ஒலிபரப்பின் வழியே உலகெங்கும் பரவிற்று. அது பொய்யென்று அவர் தம் வாயாலேயே விசாரணை மன்றத்தில் ஒப்புக்கொண்டது 2015-ஆம் ஆண்டில்!

விபத்து நடந்த நான்காம் நாள், ஏப்ரல் 19 அன்று, 'தி சன்' என்னும் இலண்டன் நாளிதழ் தன் முதற்பக்கத்தில் மாபெரும் எழுத்துகளில் 'உண்மை' என்று தலைப்பிட்டது. அக்காலத்தில் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான நாளிதழ் அதுவே, நாளொன்றுக்குச் சுமார் 40 இலட்சம் பிரதிகள் விற்றன. அந்தத் தலைப்பின்கீழ் என்ன இருந்தது? லிவர்பூல் ரசிகர்கள் சிலர் இறந்துகொண்டிருந்தவர்களின் சட்டைப்பைகளில் கைவிட்டுத் திருடினர் என்றும், காவலர்மீது சிறுநீர் கழித்தனர் என்றும், மயங்கிக் கிடந்தவருக்கு மூச்சூட்டிக்கொண்டிருந்த காவலரை அடித்தனர் என்றும் எழுதப்பட்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தந்தையர் நல்லடக்கம் முடிப்பதற்கு முன்பே இதை வாசிக்க நேர்ந்தது.

ஹதீஸ் கலையில் ஓரளவேனும் பயிற்சியுடையவர் இத்தகைய செய்தியைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே. இதன் அறிவிப்பாளர் யார்? அவர் யாரிடமிருந்து கேட்டார்? அவரும் நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டவர்தாமா? நம் இமாம்கள் ஒரு வாசகத்தின் அழகில் மயங்கி அதை ஏற்றதில்லை. அதைச் சுமந்து வந்தோர் ஒவ்வொருவரின் பெயரையும், நினைவாற்றலையும், நேர்மையையும் அலசிய பிறகே ஏற்றனர். தன் சார்புக்கே வலுச்சேர்க்கும் அறிவிப்பைக் கொண்டுவந்தவரிடம் கூடுதல் எச்சரிக்கை காட்டினர். பெயரறியாத ஒருவர் தொடரின் நடுவே நின்றால் அந்த அறிவிப்பைப் பலவீனமானதென்று ஒதுக்கினர்.

இந்த அளவுகோலை 'உண்மை' என்ற அந்தத் தலைப்பின்மீது வைத்துப் பாருங்கள். செய்தி நாளிதழுக்கு வந்தது ஷெஃபீல்டிலிருந்த ஒரு செய்தி நிறுவனத்திடமிருந்து. அந்நிறுவனத்துக்குச் சொன்னவர்கள் காவல்துறையினரும், அவர்கள் சொன்னதைத் திருப்பிச்சொன்ன அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும். குற்றம் சாட்டிய காவலர்களின் பெயர்கள் இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியது யார் என்ற கேள்வி எழுந்திருந்த நேரத்தில், பழி ரசிகர்கள்மீது விழுந்தால் தப்பித்துக்கொள்ளக்கூடியவர்களும் அவர்களே. அறிவிப்பாளர் பெயரற்றவர், வழக்கிலோ அவரே ஒரு தரப்பு. நம் மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். நாடறிந்த நாளிதழ் ஒன்றோ 'கூறப்படுகிறது' என்ற ஒரு சொல்லைக்கூடத் தலைப்பில் சேர்க்காமல், 'உண்மை' என்றே முத்திரை குத்திவிட்டது.

உண்மையைக் கண்டறிய வழியில்லாமல் போயிற்றா? அதுவும் இல்லை. நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணை, அதே ஆண்டு ஆகஸ்டில், அதாவது நான்கே மாதங்களில் தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. பேரழிவுக்கு முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறே என்று அது கூறிற்று. இழிவான அக்குற்றச்சாட்டுகளை மெய்ப்பிக்க, வாய்ப்பளித்தும் ஒரு சாட்சிகூட முன்னிறுத்தப்படவில்லை என்பதையும் அது பதிவுசெய்தது. ஆனால் அறிக்கையை வாசித்தவர் எத்தனை பேர், தலைப்பை வாசித்தவர் எத்தனை பேர்? பொதுமக்கள் மனத்தில் பதிந்தது தலைப்புத்தான். 1991-இல் முடிந்த மரண விசாரணையும் 'தற்செயல் மரணம்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டது.

இறந்தோரின் குடும்பத்தார் அக்கோப்பை மூடவிடவில்லை. ஆண்டு தோறும் ஆவணம் தேடினர், வழக்கு நடத்தினர், கதவு கதவாகத் தட்டினர். அவர்கள் தளராமல் கேட்டதன் பயனாக அமைந்த சுதந்திரக் குழு 2012 செப்டம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டது. 164 காவலர் வாக்குமூலங்கள் பெருமளவு திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116-இல், காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. மாண்டவர்களின் உடல்களில், சிறுவர்களின் உடல்களில்கூட, மது அருந்தியிருந்தனரா என்று இரத்தப் பரிசோதனை நடத்தப்பட்டதும் மீண்டும் பேசப்பட்டது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2004-இலேயே ஒருமுறை வருத்தம் தெரிவித்திருந்த அந்நாளிதழ், இப்போது முதற்பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. பழைய தீர்ப்பு நீக்கப்பட்டு, புதிய விசாரணை நடந்தது. 2016 ஏப்ரல் 26 அன்று நடுவர் குழு, மாண்டவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தது. அதைக் கேட்கும்வரை வாழக் கொடுத்துவைக்காமல் கண்மூடிய பெற்றோர் பலர்.

இதில் லிவர்பூல் மக்கள் செய்த மற்றொரு செயலும் எண்ணிப்பார்க்கத்தக்கது. அவர்கள் அந்த நாளிதழை வாங்குவதை நிறுத்தினர். அந்த வட்டாரத்தில் பல கடைக்காரர்கள் அதை விற்பதையே விட்டுவிட்டனர். ஒரு வாரக் கோபமாக அது தணிந்துவிடவில்லை, தலைமுறை கடந்தும் தொடர்கிறது. இதன் விளைவை இரு அரசியல் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். 2022-இல் வெளியான அவர்களின் ஆய்வு கூறுவது இது: ஐரோப்பிய ஒன்றியத்தை நெடுங்காலம் சாடிவந்த அந்நாளிதழை வாசிப்பது குறைந்த அப்பகுதியில், ஒன்றியத்தின்மீதான எதிர்ப்புணர்வும் இங்கிலாந்தின் ஒத்த பிற பகுதிகளைவிடக் குறைந்தது. நாள்தோறும் வாசிப்பது மனிதனின் எண்ணத்தை வடிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? நம் பார்வை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எத்தனையோ நேரங்களில் நாம் வாங்கும் தாளின் பார்வையே.

இதே நாளிதழ் முஸ்லிம்களையும் விட்டுவைக்கவில்லை. 2015 நவம்பர் 23 அன்று, பிரிட்டன் முஸ்லிம்களில் ஐவரில் ஒருவர் 'ஜிஹாதி'களிடம் அனுதாபம் கொண்டவர் என்று முதற்பக்கத்தில் அறிவித்தது. கருத்துக்கணிப்பில் உண்மையில் கேட்கப்பட்டது வேறு. சிரியாவுக்குச் சென்று அங்குப் போரிடுவோருடன் சேரும் முஸ்லிம் இளைஞர்மீது அனுதாபம் உண்டா என்பதே கேள்வி. எந்தத் தரப்பினருடன் சேர்வோர் என்று அதில் குறிப்பிடப்படவில்லை. வழிதவறிய ஒருவனுக்காக இரங்குவது வேறு, அவன் கொள்கையை ஆதரிப்பது வேறு என்ற பாகுபாடும் அதில் இல்லை. பத்திரிகைத் தரக் கண்காணிப்பு அமைப்பான 'இப்ஸோ', அச்செய்தி பெரிதும் தவறான எண்ணத்தை ஏற்படுத்துவது என்று 2016 மார்ச்சில் முடிவு கூறியது. அதற்குள் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

இங்கே நாம் ஒரு தவறான முடிவுக்கு விரைந்து சென்றுவிடக் கூடாது. 'மேலைநாட்டுப் பத்திரிகைகள் அனைத்தும் இஸ்லாத்தின் எதிரிகள், அவை சொல்வதெல்லாம் பொய்' என்று நம்மில் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். ஹில்ஸ்பரோவில் பழி சுமந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காகச் சுமத்தப்படவில்லை, அவர்கள் எளிய தொழிலாளர் குடும்பத்துக் கால்பந்து ரசிகர்கள். ஆகவே நோய் ஒரு சமயத்தின்மீது கொண்ட பகையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. பொய்யை வெளிக்கொணர்ந்தவர்களும் அதே நாட்டினர்தாம். காவலர் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதைத் தம் 1999-ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டிய பேராசிரியர் ஃபில் ஸ்க்ரேட்டனும், 'தி கார்டியன்' நாளிதழில் ஆண்டுக்கணக்கில் இதைப் பின்தொடர்ந்து எழுதிய டேவிட் கானும் அந்த மண்ணின் மைந்தர்களே. இவர்களையும் சேர்த்து 'அனைவரும் பொய்யர்' என்று சொல்வோமானால், லிவர்பூல் மக்கள்மீது அந்நாளிதழ் செய்ததையே நாம் அவர்கள்மீது செய்தவர்களாவோம். ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது திருமறையின் தெளிவான போதனை அன்றோ?

செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாயின் அதைத் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. விசாரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதற்கு அது காட்டும் காரணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரவியபோது இறங்கிய அந்நூர் அத்தியாயத்தின் வசனங்களும், அதைப் புனைந்தவனை மட்டும் கண்டிக்கவில்லை. அறியாத ஒன்றை நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களையும், அற்பமென்று எண்ணி வாளாவிருந்தவர்களையும் சேர்த்தே கண்டித்தன. பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு பொறுப்பு உண்டென்றால், வாசிப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

அந்தப் பொறுப்பு இன்று முன்னெப்போதையும்விடப் பெரிது. 1989-இல் பொய்யைப் பரப்ப ஓர் அச்சகம் வேண்டியிருந்தது. இன்றோ நம் வீட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையிலிருக்கும் கைபேசியே அச்சகமாகிவிட்டது. உலகின் ஏதோ ஒரு மூலையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்று, யார் சொன்னாரென்றே தெரியாமல், நம் குடும்பக் குழுக்களுக்குள் வந்து விழுகிறது. நமக்கு உவப்பான செய்தியாயின் இன்னும் வேகமாக முன்னனுப்பப்படுகிறது. அடுத்தமுறை அப்படியொன்று வரும்போது, பெரியவர்கள் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகட்டும். இதைச் சொன்னவர் யார்? அவர் கண்ணால் கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா? இது பரவினால் அவருக்கு ஆதாயம் உண்டா? விடை கிடைக்கும்வரை அச்செய்தி அங்கேயே நிற்கட்டும். கேட்டதையெல்லாம் அப்படியே சொல்லித்திரிவது ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமானது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் நினைவிற்கொள்வோமாக! பிறர் மானத்தை நம் நாவாலும் விரலாலும் சிதைத்துவிடாமல் வல்ல இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக!