விடுவிப்புச் சான்றில் ஒரு வரி

ராணுவத்தில் சேரும் இளைஞர் கடுமையான மருத்துவப் பரிசோதனையைக் கடந்த பிறகே சீருடை அணிகிறார். சில ஆண்டுகளில் நோயுற்று அவர் விடுவிக்கப்படும்போது, மருத்துவ வாரியம் எழுதும் ஒரு வரி அவரது எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்துவிடுகிறது. 'இந்நோய் பணியால் ஏற்பட்டதன்று. பணியால் தீவிரமடையவும் இல்லை' என்பதே அந்த வரி.

சிப்பாய்களுக்கு வழக்கமான ஓய்வூதியம் பெற 15 ஆண்டு பணி தேவை. அதற்கு முன்பே நோயால் வெளியேறுபவருக்கு இயலாமை ஓய்வூதியமே முதன்மையான ஆதாரம். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பதிவாகிவிட்டால் அந்தக் கதவு அடைபடுகிறது.

விதிகள் வீரருக்கு எதிரானவை அல்ல. உரிமையை மெய்ப்பிக்கும் சுமை கோருபவர் மீது இல்லை என்றும், ஐயத்தின் பலன் அவருக்கே உரியது என்றும் 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் கூறின. பணியில் சேரும்போது நோய் குறித்த பதிவு இல்லையெனில், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே கொள்ள வேண்டும் என்று 2013-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மனச்சிதைவு நோய்க்காக விடுவிக்கப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவ வாரிய முடிவு செல்லாது என்று 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒழுங்கு நடவடிக்கையால் விடுவிக்கப்படுவோரின் நிலையும் இத்தகையதே. நான்கு 'சிவப்பு மை' தண்டனைப் பதிவுகள் இருப்பதாலேயே ஒருவரை இயந்திரகதியில் வெளியேற்றக் கூடாது. முதற்கட்ட விசாரணை நடத்தி, அவரது பணிக்காலம், பணியிடச் சூழல் ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறியது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் குறையவில்லை. துறைக்குள் மேல்முறையீடு, அது தோற்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன்பின் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று பாதை நீள்கிறது. தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருப்பது தமிழக வீரர்களுக்கு ஆறுதல். ஆனால், அங்கு வென்றாலும் அரசு மேல்முறையீடு செய்கிறது. இயலாமை ஓய்வூதிய ஆணைகளை எதிர்த்து மத்திய அரசு தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களை 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் ஒருசேரத் தள்ளுபடி செய்தது.

பொருளியலில் 'தகவல் சமச்சீரின்மை' என்றொரு கருத்து உண்டு. இங்கு ஆவணங்கள் அனைத்தும் ஒரு தரப்பிடம். பாதிப்பு முழுவதும் மறு தரப்புக்கு. தாமதத்தின் விலையையும் வீரரே தருகிறார். காலங்கடந்து வழக்காடுவோருக்கு மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டுமே பொதுவாகக் கிடைக்கும் என்பது 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிலைப்பாடு. தன் உரிமையை அறியாமல் 20 ஆண்டுகள் இருந்தவர் 17 ஆண்டு ஓய்வூதியத்தை இழக்கிறார்.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற வாழ்க்கைமுறை நோய்களுக்கும் இந்த ஓய்வூதியம் வழங்கப்படுவது குறித்துத் தணிக்கைத் துறை கேள்வி எழுப்பியது. 2023 செப்டம்பரில் விதிகளும் மாற்றப்பட்டன. பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமை. எனினும், தகுதியற்றவரை வடிகட்ட மருத்துவ வாரியம் காரணங்களோடு எழுதும் முடிவே சிறந்த கருவி. காரணமற்ற ஒற்றை வரியால் தகுதியுள்ளவரும் சேர்ந்தே வெளியேற்றப்படுகிறார்.

செய்ய வேண்டியவை எளியவை. வாரியத்தின் முடிவு, காரணங்களுடன் வீரருக்குப் புரியும் மொழியில் விடுவிப்பு நாளன்றே தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக் கால வரம்பும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும். தீர்ப்புகளால் முடிவான கேள்விகளில் அரசு மீண்டும் மீண்டும் வழக்காடுவதைக் கைவிட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், பழைய விடுவிப்புச் சான்றுகளைத் தாமாகவே ஆராய்ந்து உரியவர்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

திடமான உடலோடு ஒருவரை ஏற்றுக்கொண்ட அரசு, நலிந்த உடலோடு அவரைத் திருப்பி அனுப்பும்போது அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடி ஒரு முன்னாள் வீரர் நீதிமன்றப் படிகளில் முதுமை எய்தும் நிலை மாற வேண்டும்.