சைடர் வெறும் சாறன்று

அண்மையில், நியூ இங்கிலாந்துப் பண்ணை வாழ்வைச் சொல்லும் கதையொன்றின் தமிழாக்கத்தை வாசிக்க நேர்ந்தது. அக்டோபரில் குடும்பமே கூடிப் பிழிந்த 'ஆப்பிள் சாற்றை' டிசம்பரில் தாத்தா குடித்துத் தள்ளாடுகிறார். மூலத்தில் இரண்டு இடங்களிலும் இருப்பது சைடர். தமிழ் வாசகனோ, சாறு குடித்த கிழவருக்கு என்ன நோயோ என்று கவலைப்படுகிறான். இதைச் சுட்டியபோது இலக்கிய நண்பரொருவர், "அடுக்களைச் சமாசாரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று நகைத்தார். அந்த நகைப்புக்கே இந்த மறுப்பு.

இலையுதிர்காலத்தில் இனிப்பும் புளிப்பும் துவர்ப்புமான ஆப்பிள்களைக் கலந்து கழுவி அரைக்கிறார்கள். விழுதைத் துணியில் பொதிந்து, திருகு அழுத்தியில் வைத்துப் பிழிகிறார்கள். ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள ஒரு புஷல் பழத்துக்குச் சுமார் 10 லிட்டர் கலங்கலான பழுப்புச் சாறு கிடைக்கும். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் இட்டு இளஞ்சூட்டில் வைத்தால் அது குழந்தைகளும் பருகும் பானம். பீப்பாயில் விட்டுவைத்தால், பழத்தோடு வந்த ஈஸ்ட் சில வாரங்களில் இனிப்பை ஆல்கஹாலாக்கிவிடும். ஆங்கிலேயருக்குச் சைடர் என்றாலே புளித்ததுதான். தோரோ காலத்து நியூ இங்கிலாந்திலும் பெரும்பாலும் அவ்வாறே. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கின்போது அமெரிக்கச் சட்டம், போதை தராத வீட்டுச் சைடருக்கு இடங்கொடுத்தது. இன்றைய அமெரிக்கர் புளிக்காததைச் சைடர் என்றும், புளித்ததை 'ஹார்ட் சைடர்' என்றும் பிரித்து வழங்குகின்றனர். ஆக, அச்சொல்லுக்குள் காலம் இருக்கிறது. 'சாறு' என்பதில் அது இல்லை.

தமிழுக்கு இது புரியாத செய்தியா? ஒரே பனம்பாளைதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரையும் கள்ளையும் பிறமொழிக்காரன் ஒருவன் 'பனஞ்சாறு' என்றே இரண்டிடத்திலும் எழுதினால் நாம் பொறுப்போமா? நமக்கு நேரக்கூடாது என்று நினைக்கும் அநீதியை இன்னொருவர் வீட்டுப் பீப்பாய்க்கு இழைப்பது எந்த ஊர் நியாயம்?

குடும்ப மரபு என்ற சொல்லும் அத்தனை வெள்ளந்தியானதன்று. இங்கிலாந்தின் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதி சைடராகவே அளக்கப்பட்டது. அதனைத் தடுக்க 1887இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு நூலாக வெளிவந்த தாமஸ் ஹார்டியின் 'தி உட்லேண்டர்ஸ்' நாவலில், கைல்ஸ் வின்டர்போர்ன் சைடர் ஆட்டும் கருவிகளோடு ஊர் ஊராகச் செல்கிறான். அவனைச் 'சாறு பிழிபவன்' என்றெழுதினால், கூலிக்கும் போதைக்கும் இடையில் கிடந்த ஓர் உழவர் உலகமே வாசகன் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். ராபர்ட் ஃப்ராஸ்ட் 1914இல் வெளியிட்ட ஆப்பிள் பறிப்புக் கவிதையில், தரையில் விழுந்த பழங்கள் அடிபடாவிட்டாலும் சைடருக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. ஒப்பிலக்கிய வகுப்பில் அந்த இடத்தைச் 'சாறு பிழிவதற்கு' என்று சொல்லியே பல ஆண்டுகள் கடந்திருக்கிறோம். ஒருநாள், பனையேறும் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, "அது பதநீரா, கள்ளாங்க ஐயா?" என்று கேட்டாள். நம் முதுகலைப் பட்டத்திடம் விடையில்லை. வீடு வந்து தேடிப் படித்த பிறகுதான், அவள் வீட்டு அடுக்களை நம் நூலகத்தைவிடக் கூர்மையானது என்பது விளங்கிற்று.

ஆகவே மொழிபெயர்ப்பாள நண்பர்களே, சைடரைச் சைடர் என்றே எழுதுங்கள். புளித்ததா, புளிக்காததா என்பதை மூலத்தில் தேடி அறிந்து, வாக்கியத்திலேயே உணர்த்துங்கள். அடுக்களை இலக்கியத்துக்கு வெளியே இருக்கிறது என்று இன்னும் கருதுவோர், முதலில் அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு வரட்டும்.