பூப்போட்ட கட்டமும் கைத்தொலைபேசியும்



கியூஆர் குறியீடு எமக்குப் புதியதல்ல. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துடன்தான் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றோம். இன்று ஒடியல்மா, பனங்கட்டி, தைத்த உடுப்பு விற்கும் சகோதரிகளும் அதைத் தமது பொதிகளில் ஒட்டுகிறார்கள். பூவும் வர்ணமும் போட்டு அழகுபடுத்துகிறார்கள். நல்லது. ஆனால் கைத்தொலைபேசி அதை வாசிக்காவிட்டால், வாங்க வந்தவர் காசு கட்ட வழியின்றித் திரும்பிவிடுவார். தனித்துக் குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு அது ஒரு நேரச் சாப்பாடு.

1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது. வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுப்பதே நோக்கம். தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்பதால், ஒரு பகுதி மறைந்தாலும் வாசிக்கும்படி அமைத்தார்கள். இந்தத் திருத்தும் வசதியில் நான்கு நிலைகள் உண்டு. உயர்ந்த நிலையில் சுமார் 30 வீதம் வரை பழுதானாலும் மீட்கலாம். நடுவில் உங்கள் சின்னத்தை வைக்க முடிவது இதனால்தான். அந்த நிலையைத் தெரிவு செய்து, சின்னத்தைச் சிறிதாக வையுங்கள்.

மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்களில் கைவைக்க வேண்டாம். கட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கமரா அவற்றைக் கொண்டே அறிகிறது. சுற்றிவர நான்கு சிறு கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். பூவேலையை அதற்கு வெளியே செய்யுங்கள். வெளிர் நிறத்தின் மேல் கடும் நிறமே பொருத்தம். மஞ்சளில் வெள்ளை எடுபடாது. உள்ளே வைக்கும் இணைய முகவரி நீண்டால் கட்டங்கள் நெருங்கிவிடும், சுருக்கமாக வையுங்கள். ஒரு மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க வேண்டுமானால் 10 சென்ரிமீற்றர் அகலம் நல்லது.

வங்கி தந்த காசு வாங்கும் குறியீட்டை நீங்களாக மாற்ற வேண்டாம். அதன் மேல் வேறொருவர் தனது ஸ்டிக்கரை ஒட்டினால் உங்கள் காசு அவருக்குப் போகும். காலையில் கடை திறந்ததும் ஒருமுறை பாருங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபின் பொருளைக் கொடுங்கள்.

அச்சகத்தில் நூறு பிரதி அடிக்கு முன் ஒன்றை அடித்து, சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பழைய கைத்தொலைபேசியிலும் புதியதிலும், வெயிலிலும் நிழலிலும் வாசித்துப் பார்ப்போம். எல்லாவற்றிலும் வாசித்தால் மிச்சத்தை அடியுங்கள்.