பரோட்டாவுக்கு ஜீரோ ஜிஎஸ்டின்னாங்களே... ஹோட்டல் பில்லில் 5% ஏன் இன்னும் வருது?

2025 செப்டம்பர் 22. ஜிஎஸ்டியின் புதிய விகிதங்கள் அமலுக்கு வந்த நாள். 'பரோட்டா, சப்பாத்திக்கு இனி வரி இல்லை' என்ற செய்தி அந்த வாரம் முழுக்க டிவியிலும் மொபைலிலும் ஓடிக்கொண்டே இருந்தது.

இதை நம்பி நைட்டு ஹோட்டலுக்குப் போய் ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் சாப்பிட்டவங்க பில்லைப் பார்த்துக் குழம்பினாங்க. சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5%. அதே பழைய 5%. ஹோட்டல்காரர் ஏமாத்துறாரா? செய்தி தப்பா?

ரெண்டுமே இல்லை. வரி ஜீரோ ஆனது கடையில் பாக்கெட்டில் விற்கும் பரோட்டாவுக்கு. கல்லில் போட்டு, தட்டி, சால்னா ஊற்றி இலையில் வைக்கிற பரோட்டாவுக்கு இல்லை. சட்டத்தின் கண்ணில் இது ரெண்டும் வேற வேற.

பாக்கெட் பரோட்டா ஒரு 'பொருள்'. ஹோட்டல் பரோட்டா ஒரு 'சேவை'. ஹோட்டலில் நீங்கள் வாங்குவது உணவு மட்டுமல்ல. அதைச் சமைப்பது, பரிமாறுவது எல்லாம் சேர்த்து 'உணவக சேவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அதன் மீது 5% வரி போடுகிறார்கள். அந்த மூட்டைக்குள் இருப்பது இட்லியா, பிரியாணியா, பனீர் டிக்காவா என்று கேட்பதே இல்லை. பார்சல் வாங்கினாலும் அதே 5%தான்.

பாக்கெட் பரோட்டாவுக்கே இந்த ஜீரோ சும்மா வந்துவிடவில்லை. 'பரோட்டா ரொட்டி வகையே இல்லை, அதனால் 18%' என்று 2020ல் கர்நாடகாவில் ஒரு ஜிஎஸ்டி ஆணையம் சொன்னது. சப்பாத்திக்கு 5%, பரோட்டாவுக்கு 18% என்றதும் சோஷியல் மீடியாவில் கொதித்துவிட்டார்கள், குறிப்பாக தென்னிந்தியர்கள். ஐந்து வருஷம் கழித்துத்தான் 'எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்திய ரொட்டி வகைகளுக்கு வரி இல்லை' என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஒரே பரோட்டா, எத்தனை வரி?

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவோ மதுரை பன் பரோட்டாவோ, உங்களுக்குப் பிடித்த ஒன்றை மனசுல வச்சுக்கோங்க. அதை எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வரி எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாக வாங்கி வீட்டில் சுட்டுச் சாப்பிட்டால், வரி இல்லை.

தெருமுனை தள்ளுவண்டிக் கடையில் சாப்பிட்டாலும் வரி இல்லை. ஆனால் காரணம் வேறு. உணவகங்களைப் பொறுத்தவரை வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ளவர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு இல்லையென்றால் வரி வாங்கவும் முடியாது.

கொஞ்சம் பெரிய மெஸ் என்றால் 'காம்போசிஷன்' என்ற திட்டத்தில் இருக்கலாம். வருட விற்பனை ஒன்றரை கோடி வரை உள்ளவர்களுக்கானது அது. அவர்கள் 5% கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் தங்கள் கையிலிருந்து. உங்களிடம் 'ஜிஎஸ்டி' என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வரிதாரர் என்று பில்லிலேயே போட வேண்டும். இந்த விஷயம் பலருக்குத் தெரியாது.

வழக்கமான ஹோட்டல் என்றால் 5%. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்டில், அந்த ஹோட்டலின் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால், அதே பரோட்டாவுக்கு 18%.

கடைசியாக, ஆப்பில் ஆர்டர் செய்தால்? அது தனிக்கதை. கீழே வருவோம்.

கிரீம் பன் கதை ஞாபகம் இருக்கா?

2024 செப்டம்பரில் கோவையில் தொழில்துறையினரை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சந்தித்தபோது, அன்னபூர்ணா ஹோட்டல் உரிமையாளர் சீனிவாசன் எழுந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18%. கஸ்டமர்கள் 'கிரீமைத் தனியா, பன்னைத் தனியா கொடுங்க, நாங்களே வச்சுக்கிறோம்' என்று கேட்கிறார்களாம். கூட்டம் சிரித்தது. பிறகு அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற வீடியோ வெளியாகி, அது பெரிய அரசியல் சண்டையாகவே மாறியது.

அந்தச் சண்டையில் அவர் சொன்ன கணக்கு காணாமல் போய்விட்டது. ஒரே கடையில், ஒரே கல்லாவில், ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒவ்வொரு வரி என்றால் கம்ப்யூட்டரே திணறுகிறது என்பதுதான் அவருடைய குறை. ஒரு வருஷம் கழித்து வந்த மாற்றத்தில் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பாக்கெட் மிக்சரும் காராபூந்தியும் 12லிருந்து 5 ஆயின. பேக்கரிக்காரர்களுக்கு இது உண்மையான நிம்மதி. ஹோட்டல் டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குத்தான் பில்லில் எதுவும் மாறவில்லை.

சரி, நெய் விலை குறைஞ்சா நெய் ரோஸ்ட் விலை குறையணுமே?

நியாயமான கேள்வி. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5%, பாக்கெட் பனீர் 5லிருந்து ஜீரோ. அப்படியென்றால் ஹோட்டலுக்குச் செலவு குறைகிறதுதானே?

குறைகிறது, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஏன் என்பதற்கு 2017க்குப் போக வேண்டும்.

ஜிஎஸ்டி வந்த புதிதில், ஜூலை 2017ல், சாதா ஹோட்டலுக்கு 12%, ஏசி ஹோட்டலுக்கு 18%. ஒரு மாடியில் மட்டும் ஏசி போட்டிருந்தாலும் முழு ஹோட்டலுக்கும் 18% என்றார்கள். கீழே வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டவரும் ஏசி வரி கட்டினார். ஆனால் அப்போது ஹோட்டல்காரர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்பார்கள். உங்களிடம் 18 ரூபாய் வரி வாங்கியவர், ஏற்கெனவே பொருட்களுக்கு 6 ரூபாய் வரி கட்டியிருந்தால், அரசுக்கு 12 ரூபாய் மட்டும் கட்டினால் போதும்.

இந்தச் சலுகையின் பலன் சாப்பிடுபவருக்குப் போகவில்லை என்று சொல்லி, நவம்பர் 15, 2017 முதல் விகிதத்தை 5% ஆக்கி, அந்தக் கழிவையும் ரத்து செய்துவிட்டார்கள். அப்போதும் சில பெரிய நிறுவனங்கள் வரி குறைந்த அன்றே மெனு விலையை ஏற்றி, பில் தொகையை அப்படியே வைத்துக்கொண்டன. கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் அவர்கள் மீது உத்தரவுகள் போட்டது.

இன்றைய நிலைமை அதனால் இப்படி: ஹோட்டல்காரர் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் இருக்கும் வரி திரும்பி வராது. அது அவருடைய செலவு. அந்தச் செலவு மெனு விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் 5% நீங்கள் கட்டுகிறீர்கள்.

அவருடைய செலவுப் பட்டியலைப் பாருங்க. காய்கறி, பால், முட்டை, கறிக்கு ஏற்கெனவே வரி இல்லை. எண்ணெய், மசாலா முன்பும் 5%, இப்பவும் 5%. சாதாரண இட்லி-தோசை-பரோட்டா கடையின் மளிகையில் வரி குறைந்தது நெய், வெண்ணெய் மாதிரி சில பொருட்களுக்குத்தான். வரி அதிகமாக இருப்பது வேறு இடத்தில். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு 18%. வீட்டு சிலிண்டருக்கு 5%தான். கடை வாடகைக்கு 18%. பார்சல் கட்டும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு 18%. ஆப் நிறுவனம் எடுக்கும் கமிஷன் மீது 18%. இதில் எதுவும் செப்டம்பரில் குறையவில்லை. மாஸ்டர் சம்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் அது குறைஞ்சதா யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

பனீர், சீஸ், வெண்ணெய் அதிகம் போகும் வட இந்திய உணவகம், பீட்சா கடை போன்ற இடங்களில் செலவு ஓரளவு குறைந்திருக்க வேண்டும். அங்கே விலை குறையாவிட்டால் கேள்வி கேட்பதில் நியாயம் உண்டு. யாரிடம் கேட்பது? அங்கேதான் சிக்கல். வரிக் குறைப்பின் பலனைத் தரவில்லை என்ற புகார்களைப் புதிதாக எடுத்துக்கொள்வது 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. செப்டம்பரில் இவ்வளவு பெரிய குறைப்பு வந்தபோது, புகார் கேட்க வேண்டிய அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.

ஆப் பில்லில் என்னதான் நடக்குது?

2022 ஜனவரி 1 முதல், ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போகும் சாப்பாட்டுக்கான 5% வரியை ஹோட்டல் கட்டாது. ஆப் நிறுவனமே உங்களிடம் வசூலித்து நேரடியாக அரசுக்குக் கட்டுகிறது. இதனால் ஒரு வேடிக்கை. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடையில் நேரில் சாப்பிட்டால் வரி ஜீரோ. அதே கடையிலிருந்து ஆப்பில் வரவழைத்தால் 5%.

இன்னொன்று, டெலிவரி கட்டணம். 2025 செப்டம்பர் 22லிருந்து அதற்கும் 18% என்பது உறுதியாகிவிட்டது. பரோட்டாவுக்கு வரி போச்சுன்னு எல்லாரும் கொண்டாடிய அதே நாளில், பரோட்டாவைக் கொண்டுவருவதற்கு வரி வந்தது. பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023ல் ரெண்டு ரூபாயாகத்தான் ஆரம்பித்தது. இன்று பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது, அதற்கும் 18%.

ஒரு உதாரணக் கணக்கு. கடையில் 300 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி 15, மொத்தம் 315. அதையே ஆப்பில் பார்த்தால், கமிஷனை ஈடுகட்ட மெனு விலை 340 என்று இருக்கும், பேக்கிங் 20. இந்த 360க்கு 5% என்றால் 18. டெலிவரி 40, அதற்கு வரி 7.20. பிளாட்ஃபார்ம் 12, அதற்கு 2.16. மொத்தம் 439 ரூபாய் 36 பைசா. 124 ரூபாய் வித்தியாசத்தில் வரியால் கூடியது சுமார் 12 ரூபாய்தான். மீதி எல்லாம் விலையும் கட்டணமும். கூப்பன் போட்டால் கொஞ்சம் குறையும், மழை பெய்தால் கூடும்.

கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று 2025 ஜூலை முதல் ஆப் ஆர்டர்களையே நிறுத்தப்போவதாக நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள் அறிவித்தது இந்தப் பின்னணியில்தான்.

பில்லில் எதைப் பார்க்கணும்?

ஜிஎஸ்டி வாங்கியிருந்தால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33ல் தொடங்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கடையின் பெயர், அது வழக்கமான பதிவா, காம்போசிஷனா என்பது வந்துவிடும். காம்போசிஷன் என்று காட்டிவிட்டு பில்லில் 5% தனியாகப் போட்டிருந்தால், அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

'சர்வீஸ் சார்ஜ்' வரியே கிடையாது. அது ஹோட்டல் தானாகச் சேர்ப்பது. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். சங்கடப்பட்டுக்கிட்டே நிறைய பேர் கட்டிட்டு வந்துடுறாங்க, குறிப்பா ட்ரீட் கொடுக்கும்போது.

அடுத்து என்ன?

உள்ளீட்டு வரிக் கழிவைத் திரும்பக் கொடுங்கள் என்று உணவக உரிமையாளர்கள் தரப்பு தொடர்ந்து கேட்டு வருகிறது. சிலிண்டருக்கும் வாடகைக்கும் கட்டும் 18% திரும்பி வந்தால் மெனு விலையைக் குறைக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் கழிவோடு 5% என்ற விகிதத்தை அரசு கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். முன்பென்றால் 12% என்று ஒரு நடுவழி இருந்தது. செப்டம்பரில் அந்த அடுக்கையே எடுத்துவிட்டார்கள். இப்போது 5க்கு அடுத்த படி 18.