பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்

ஒரு படைவீரனின் சேவைப் பதிவேடு சில பக்கங்களையே கொண்டது. பெயர், இலக்கம், தரம், சேர்ந்த திகதி, பணியாற்றிய இடங்கள், அடைந்த காயங்கள், பெற்ற பதக்கங்கள், விலகிய அல்லது மடிந்த நாள் ஆகியனவே அதில் எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் ஒரு வரி பிழைத்தாலும் அதன் விளைவை ஒரு குடும்பம் காலமெல்லாம் சுமக்க நேரிடுகின்றது. ஓய்வூதியம் மறுக்கப்படலாம், உரிய பதக்கம் கிடைக்காது போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அரசாங்கம் வழங்கும் ஒரே பதில் பிழையான பதிலாக அமைந்துவிடலாம். இந்நாட்டில் இத்தகைய பிழைகள் பெருமளவில் குவிந்து கிடக்கும் நிலம் வன்னிப் பெருநிலப்பரப்பாகும். இங்கு பொருதிய இரு தரப்பினரின் பதிவேடுகளும் முழுமை பெறவில்லை. அவற்றைத் திருத்துவதற்கான ஒழுங்கான வழிமுறையும் உருவாக்கப்படவில்லை.

1996 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18 ஆம் திகதி முல்லைத்தீவு படைத்தளம் விடுதலைப் புலிகளின் பாரிய தாக்குதலுக்கு இலக்காகியது. தளத்தை மீட்பதற்காகத் தரையிறக்கப்பட்ட விசேட படையணியினருக்குத் தலைமை தாங்கிய பஸ்லி லாபிர் என்ற முஸ்லிம் அதிகாரி அங்கு உயிரிழந்தார். நாட்டின் அதியுயர் இராணுவ விருதான பரம வீர விபூஷணய, அவரது மறைவின் பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது. அவரது பதிவேட்டில் பெயரும் உண்டு, நாளும் உண்டு, விருதும் உண்டு. ஆனால், அதே தளத்தில் அதே நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மடிந்தனர். அவர்களுள் பலரின் உடல்கள் குடும்பங்களிடம் சென்று சேரவேயில்லை. அத்தகையோரின் கோவைகளில் எஞ்சியது, நடவடிக்கையின்போது காணாமற்போனார் என்ற ஒரு குறிப்பு மாத்திரமே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998 செப்டெம்பர் இறுதியில், கிளிநொச்சியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு மடிந்த படையினரில் நூற்றுக்கணக்கானோரின் உடல்கள் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஊடாக ஒப்படைக்கப்பட்டன. எனினும் எந்த உடல் எவருடையது என்பதைப் பல குடும்பங்களால் அறிந்துகொள்ள முடியவில்லை. அத்தாக்குதலின்போது மகனை இழந்த விசாகா தர்மதாச என்ற தாய், தம்மைப் போன்ற ஏனைய பெற்றோரை ஒன்று திரட்டினார். படையினர் ஒவ்வொருவருக்கும் அடையாளத் தகடு வழங்கப்பட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தாய்மார் குழுவொன்றுடன் வன்னிக்கே சென்று விடுதலைப் புலிகளின் பிரதிநிதிகளையும் சந்தித்தார். போர்நிறுத்த காலத்தில், 2002 செப்டெம்பர் 28 ஆம் திகதி, ஓமந்தையில் கைதிகள் பரிமாறப்பட்டபோது ஏழு படையினர் விடுவிக்கப்பட்டனர். மற்றையோரின் பெற்றோருக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை.

இது உணர்வு சார்ந்த விடயம் மட்டுமன்று. மடிந்த படைவீரன் உயிருடன் இருந்திருப்பின் 55 வயதை எட்டும் நாள்வரை அவனது சம்பளத்தைக் குடும்பத்துக்கு வழங்கும் நடைமுறை இந்நாட்டில் உண்டு. எந்தத் திகதியில், எந்தச் சூழலில் அவன் இல்லாமற்போனான் என்ற பதிவின் மீதே இத்தகைய உரித்துக்கள் யாவும் தங்கியுள்ளன. ஊனமுற்ற படையினரின் நிலையும் இத்தகையதே. 12 ஆண்டு சேவையைப் பூர்த்தி செய்யும் முன்னர் காயமடைந்து விலக நேர்ந்தவர்கள், ஓய்வூதியம் கோரி 2016 நவம்பரில் கொழும்பு வீதிகளில் இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யுத்த வெற்றியைக் கொண்டாடிய அரசுகளே, அந்த யுத்தத்தில் உறுப்பிழந்தவர்களின் கோவைகளில் உள்ள ஆண்டுக் கணக்கைக் காட்டி அவர்களைக் காத்திருக்க வைத்தன.

இப்போது மறுதரப்பைப் பார்ப்போம். விடுதலைப் புலிகள் தமது உறுப்பினர்களுக்கு இலக்கத் தகடுகளை வழங்கியிருந்தனர். மடிந்தோரின் பெயர், தரம், ஊர், வீழ்ந்த திகதி ஆகியன துயிலும் இல்லங்களின் கல்லறைகளில் பொறிக்கப்பட்டன. கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை, அளம்பில் ஆகிய இடங்களில் அமைந்திருந்த அத்துயிலும் இல்லங்கள் ஒருவகையில் பதிவேடுகளாகவும் விளங்கின. யுத்தத்தின் இறுதிக் கட்டத்திலும் அதன் பின்னரும் அவை இயந்திரங்களால் இடித்து நொறுக்கப்பட்டன. சிலவற்றின் மீது படைமுகாம்கள் எழுந்தன. 2016 நவம்பர் முதல் கனகபுரத்தில் மக்கள் மீண்டும் ஒன்றுகூடி விளக்கேற்றுகின்றனர். ஆனால், எந்த இடத்தில் எவர் உறங்குகிறார் என்பதைச் சொல்வதற்கு அங்கு கல் இல்லை. தாய்மார் தமது ஞாபகத்தைக் கொண்டே இடத்தைத் தீர்மானிக்கின்றனர்.

2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிப்பதற்காக நிலம் தோண்டப்பட்டபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலை வரை கட்டம் கட்டமாக நடைபெற்ற அகழ்வில் 52 பேரின் எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் அவற்றுடன் காணப்பட்டன. தகட்டில் இலக்கம் உண்டு. ஆனால், அந்த இலக்கத்துக்குரிய பெயரைத் தாங்கிய பேரேடு எங்கே? யுத்தம் முடிவுற்றபோது கைப்பற்றப்பட்ட ஆவணங்களுள் அது இருக்குமாயின் அதனை வெளியிட வேண்டிய கடப்பாடு அரசாங்கத்துக்கு உண்டு. இல்லையெனில், இல்லை என்பதையாவது எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெயரில்லாத தகடு, தகடில்லாத உடல் என்ற இரண்டு குறைகளும் ஒரே நிலத்தின் இரு தரப்பிலும் காணப்படுகின்றன.

சரணடைந்தோர் விடயத்தில் பதிவேடுகளே ஒன்றுடன் ஒன்று முரண்படுகின்றன. 2009 மே மாதம் வட்டுவாகலில் தமது உறவுகளைப் படையினரிடம் கையளித்ததாகக் குடும்பத்தினர் கூறிவருகின்றனர். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் நடைபெற்ற ஆட்கொணர்வு மனு விசாரணையில், பட்டியல் இருப்பதாக இராணுவ அதிகாரி ஒருவர் சாட்சியமளித்தார். எனினும் பின்னர் சமர்ப்பிக்கப்பட்டது புனர்வாழ்வு பெற்றவர்களின் விபரமே. 2019 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வினவப்பட்டபோது, எவரும் தம்மிடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என்று இராணுவம் பதிலளித்தது. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், திருகோணமலை மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளராக விளங்கிய எழிலனை ஆஜர்ப்படுத்துமாறு இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஏறத்தாழ 12,000 பேருக்குப் புனர்வாழ்வளித்ததாகக் கணக்குக் காட்டும் அரச இயந்திரத்துக்கு, அவர்களைப் பொறுப்பேற்ற நாளின் பட்டியல் மட்டும் இல்லாமற்போனது எவ்வாறு?

சட்டம் முற்றிலும் மௌனமாக இருந்துவிடவில்லை என்பதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. 2016 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள விரும்பாத குடும்பங்களுக்காகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட காணாமற்போனோர் பற்றிய அலுவலகச் சட்டம், யுத்தத்தில் காணாமற்போன பொதுமகனையும் நடவடிக்கையின்போது காணாமற்போன படைவீரனையும் ஒரே வரைவிலக்கணத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் இயங்கிய பரணகம ஆணைக்குழுவுக்குக் கிடைத்த 20,000 இற்கும் அதிகமான முறைப்பாடுகளில் சுமார் 5,000 படையினரின் குடும்பங்களுடையவை. ஆகவே கண்டியிலிருந்து வந்த தாயின் மனுவும் கிளிநொச்சித் தாயின் மனுவும் ஏற்கனவே ஒரே மேசையில்தான் கிடக்கின்றன.

ஆனால், இச்சான்றிதழ்கள் எவையும் என்ன நடந்தது என்பதைக் கூறுவதில்லை. சொத்தை மாற்றவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் அவை உதவலாம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் போராட்டத்தை ஆரம்பித்த உறவுகள் சான்றிதழும் இழப்பீடும் வேண்டாம் என்று மறுத்தமைக்குக் காரணம் இதுவே. உண்மையை எழுதாத பதிவில் கையொப்பமிடுவது, பிழையைத் தாமே உறுதிப்படுத்துவதாகும் என அவர்கள் கருதினர். அவ்வாறு அமர்ந்திருந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலேயே கண்மூடிவிட்டனர்.

முஸ்லிம் மக்களுக்கும் இதில் நேரடியான பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வன்னியின் முஸ்லிம் குடும்பங்கள் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தன. தமது சொந்த மண்ணின் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர்களாகவும் அவர்கள் ஆக்கப்பட்டனர். இடம்பெயர்ந்தோரைச் சொந்த இடத்தில் பதிவு செய்வதற்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் வருவதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்த ஊரின் பதிவிலிருந்து பெயர் அகற்றப்படுவதன் வேதனை என்னவென்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிழை திருத்துவது என்றால் எமது பக்கப் பிழைகளையும் திருத்துவதாகவே அது அமைதல் வேண்டும். யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் பலவந்தமாக ஆட்சேர்ப்பு நடந்தது. வீட்டுக்கு ஒருவர் எனப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் களத்தில் மடிந்தனர். விருப்பத்துடன் சேர்ந்தவர், இழுத்துச் செல்லப்பட்டவர், வயது குறைந்தவர் என்ற வேறுபாடு எந்தக் கல்லறையிலும் எழுதப்பட்டதில்லை. தரமும் வீரப்பட்டமும் சூட்டப்பட்ட ஒரு பெயருக்குப் பின்னால், பிள்ளையைத் திருப்பித் தருமாறு மன்றாடிய ஒரு தாயும் இருந்திருக்கலாம். வழங்கப்படாத பதக்கம் பதிவேட்டின் ஒரு குறையென்றால், உண்மையை மறைக்கும் பட்டமும் அதன் குறையேயாகும். அவ்வாறே, 1990 இல் முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் தமிழர்களின் வரலாற்றுப் பதிவில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

காலம் கடந்துவிட்டது என்று கைவிரிப்போருக்கு உலக அனுபவம் பதில் தருகின்றது. அமெரிக்காவில் படைவீரரோ அவரது உரித்தாளரோ சேவைப் பதிவில் உள்ள பிழையைத் திருத்துமாறு விண்ணப்பிப்பதற்கென்றே சபைகள் உள்ளன. 1973 இல் சென் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் 16 மில்லியனுக்கும் அதிகமான கோவைகள் அழிந்தன. எனினும் சம்பளப் பட்டியல்கள் போன்ற ஏனைய ஆவணங்களைத் திரட்டிச் சேவை விபரங்களை மீளக் கட்டியெழுப்பினர். இன, மத பேதத்தால் உரிய விருது மறுக்கப்பட்டதா என ஆராயப்பட்டதன் பயனாக, 2014 மார்ச்சில் முந்திய யுத்தங்களின் 24 வீரர்களுக்கு அந்நாட்டின் அதியுயர் விருது வழங்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலானோர் அப்போது உயிருடன் இல்லை. பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு, முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசுக்காக மடிந்த ஆபிரிக்க, ஆசிய வீரர்களுள் ஆகக் குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்பதை 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் பதிவேட்டைத் திறக்க முடியுமாயின், வன்னியின் பதிவேட்டைத் திறப்பதற்குத் தடையாக இருப்பது காலமன்று, மனமே.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காணாமற்போன படையினரின் முழுமையான பெயர்ப் பட்டியலை இராணுவம் வெளியிட வேண்டும். 2009 மே மாதத்தில் பொறுப்பேற்கப்பட்டோரின் பட்டியலும் அவ்வாறே வெளியிடப்படல் வேண்டும். அகழ்வுகளில் மீட்கப்படும் தகடுகளின் இலக்கங்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். காணாமற்போனோரின் இரத்த உறவுகளிடமிருந்து மரபணு மாதிரிகள், அவர்கள் உயிருடன் இருக்கும்போதே பெறப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். பதிவில் பிழை உண்டெனக் கருதும் எவரும் தனது பிரதேச செயலகத்திலேயே தமிழிலோ சிங்களத்திலோ விண்ணப்பிக்கவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறவும் வழி வேண்டும். எவருக்குப் பதக்கம், எவருக்குப் பட்டம் என்ற சர்ச்சை அதன் பின்னர் பேசப்பட வேண்டியது. முதலில் பெயர், திகதி, இடம், நேர்ந்தது என்ன என்ற நான்கும் சரியாக எழுதப்படட்டும்.

1996 இல் மகனை இழந்த தாய்க்கு இன்று முதுமை. 2009 இல் பிள்ளையைக் கையளித்த தாயும் தளர்ந்துவிட்டாள். மொழியும் மதமும் ஊரும் வேறாயினும் அவர்கள் அரசாங்கத்திடம் கேட்பது ஒன்றையே. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எவரும் எஞ்சாத நாள்வரை காத்திருப்பது ஓர் அரசுக்கு அழகன்று. சாட்சி சொல்ல மக்கள் உயிருடன் இருக்கும்போதே பதிவேட்டைத் திருத்துவதற்கு அரசாங்கம் முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.