ஆராய்ச்சி மணிக்குக் கட்டணமா?

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு எனும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கொரு பாறையைக் குடைவித்துக் கோயிலாக்கினான். செங்கல், மரம், மாழை, சுண்ணச்சாந்து ஆகிய எதுவுமின்றி இதனை எடுப்பித்த செய்தியைக் கல்லிலும் வெட்டுவித்தான். ஆனால் வெட்டுவித்த மொழியோ வடமொழி! பாறையைக் குடைந்த கைகள் தமிழுழைப்பாளிகளின் கைகள். அரசன் பெருமை மட்டும் அவர்கள் படித்தறிய இயலாத மொழியில். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. இன்று அப்பாறையைக் கடந்து ஈருருளியில் பாலும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் உழவன்மேல் விழும் கட்டளைகளும் பெரும்பாலும் அவனறியா மொழியிலேயே பிறக்கின்றன.

அவ்வீருருளியைப் பற்றியே இங்குப் பேச வேண்டியுள்ளது. குற்ற வழக்குகளை விரைந்து நடத்த அரசிடம் போதிய பணம் இல்லை. ஆகவே ஊர்திப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தி, அவ்வுயர்வை அந்தந்தப் பகுதியின் வழக்குச் செலவுக்கென்றே ஒதுக்கலாம் என்று கருத்துரைப்பார் உளர். கேட்கும்போது இக்கருத்து நன்றாகவே தோன்றும். கழுத்துச் சங்கிலியைப் பறித்தவனும், இரவில் ஒருவனை மோதிக் கொன்று நில்லாது போனவனும், ஆண்டுக்கணக்கில் தண்டனையின்றித் திரிவதைக் கண்டு மனம் புழுங்காதவர் யார்? வழக்கு நீளநீளச் சான்றினர் மறக்கின்றனர், சிலர் மாள்கின்றனர், சிலர் விலைபோகின்றனர். அரசு வழக்குரைஞர்க்கோ கட்டுக்கட்டாய்க் கோப்புகள். இக்குறைக்குப் பணமும் ஒரு மருந்தே என்பதில் ஐயமில்லை. அம்மருந்தை எவர் தலையில் அரைப்பது என்பதே வினா.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பதிவுக் கட்டணம் வேறு. ஊர்தி வரி வேறு. ஊர்தி வரி மாநிலத்தின் உரிமை. பதிவுக் கட்டணத்தை வரையறுப்பது 1989-ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த ஊர்தி விதிகள். செஞ்சியின் உள்ளாட்சி மன்றம் விரும்பினாலும் அதனை ஓர் உருபா கூட ஏற்ற இயலாது. ஏற்றுவது தில்லியின் பேனா. அப்பேனா சும்மா இருக்கவுமில்லை. 15 ஆண்டு கடந்த ஈருருளியின் பதிவைப் புதுப்பிக்க 300 உருபாவாக இருந்த கட்டணம் 2022 ஏப்பிரல் முதல் 1000 உருபாவாயிற்று. 20 ஆண்டு கடந்த ஈருருளிக்கு அது 2025-இல் 2000 உருபாவாயிற்று. பழைய வண்டியை எவன் வைத்திருப்பான்? புதியது வாங்க வழியற்றவன்தான்.

சென்னையும் பின்தங்கவில்லை. 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்த்தப்பட்டது. அதுவரை ஈருருளிக்கு 8 விழுக்காடாக இருந்தது, ஓர் இலக்கம் உருபா வரை விலையுள்ளவற்றுக்கு 10 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 12 விழுக்காடும் ஆயிற்று. 60,000 உருபா விலைக்கு 4800 கட்டியவன் 6000 கட்டுகிறான். மிகுதியான அந்த 1200 உருபா ஓர் உழவுக்கூலிக் குடும்பத்தில் எத்தனை நாள் உலைநீர் என்பதைக் கணக்கிட வல்லுநர் தேவையில்லை. 20 இலக்கத்துக்கு மேற்பட்ட மகிழுந்துக்கு 20 விழுக்காடு விதித்தது முறையே. அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அத்தகைய மகிழுந்துக்காரனுக்கு வேறு வழியும் தெரியும். விலையுயர்ந்த மகிழுந்துகளைப் புதுச்சேரி முகவரியில் பதிந்து வரி தப்பிய கதை 2017-இல் கேரளத்தில் வெளிப்பட்டு நாறியது. அந்தப் புதுச்சேரி விழுப்புரம் மாவட்டத்தின் வாயிற்படியில் இருக்கிறது! கட்டணம் ஏற ஏறப் பெரியவன் எல்லை தாண்டுவான். மண்டகப்பட்டு உழவன் எங்கே தாண்டுவான்?

கட்டணம் என்பது பெற்ற பணிக்குக் கொடுக்கும் கூலி. வரி என்பது பொதுச்சுமைக்குக் கொடுக்கும் பங்கு. இவ்வேறுபாட்டை இந்திய உச்ச முறைமன்றம் தெளிவாக விளக்கியது 1954-இல், சிரூர் மடத்து வழக்கில். அவ்வழக்கு எழுந்ததும் நம் சென்னை மாநில அறநிலையச் சட்டத்தினின்றே. மடங்களிடம் பெற்ற பணம் பொதுக்கருவூலத்தில் கலந்துவிடுகிறது, கொடுத்தவர்க்குரிய பணியோடு அதற்குத் தொடர்பில்லை, ஆகவே அது கட்டணமன்று, வரியே என்று மன்றம் கூறியது. அந்த அளவுகோலால் இக்கருத்தை அளந்து பாருங்கள். ஈருருளி வைத்திருப்பவன் பதிவு அலுவலகத்தில் பெறும் பணி ஓர் எண்ணும் ஓர் அட்டையும். கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் அவனுக்கென்று நடத்தப்படும் பணியாகுமா?

அமெரிக்கத்துக் கலிபோர்னிய மாநிலம் இத்தகைய வழியில் சென்று பார்த்தது. 2009-இல் ஊர்தி உரிமக் கட்டணத்தை ஊர்தி மதிப்பில் 0.65 விழுக்காட்டிலிருந்து 1.15 விழுக்காடாக்கி, அதில் 0.15-ஐ உள்ளூர்க் காவலுக்கும் குற்றத்தடுப்புக்கும் என ஒதுக்கியது. 2011 சூன் இறுதியில் அவ்வுயர்வின் காலம் முடிந்தது. பணம் நின்றது; செலவு நிற்குமா? நகராட்சிகட்குப் போய்க்கொண்டிருந்த ஊர்திக் கட்டணப் பங்கைப் பிடுங்கிக் காவற்செலவுக்குத் திருப்பினர். சுருப்பா பள்ளத்தாக்கு எனும் நகராட்சி பிறந்ததே 2011 சூலை முதல் நாள். பிறந்த அன்றே தாய்ப்பால் மறுக்கப்பட்ட பிள்ளையாயிற்று. நகராட்சியைக் கலைத்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அது நொந்தது. அதற்கும் அதனையொத்த மூன்று நகராட்சிகட்கும் 2017-இல்தான் சட்டவழி ஈடு கிடைத்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இக்கூத்து!

இன்னொரு கேட்டையும் எண்ணல் வேண்டும். பகுதிப்பணம் பகுதிக்கே என்றால், ஊர்தி மொய்க்கும் சென்னைக்கு வழக்குப் பணம் குவியும்; செஞ்சிக் காட்டோரத்து ஊர்களுக்குச் சொட்டும். வண்டி மிகுந்த ஊருக்கு முறை மிகுதி, வண்டி குறைந்த ஊருக்கு முறை குறைவு என்பது எந்நாட்டு அறம்? சாலையில் நடந்துபோகையில் மோதுண்டு மாண்டவனின் மனைவி ஊர்தியே இல்லாதவள், கட்டணமே கட்டாதவள். அவள் வழக்கு எந்த வரிசையில் நிற்கும்?

திருவாரூரில் தேர்க்காலில் கன்றை இழந்த ஆ, ஆராய்ச்சி மணியை அசைத்ததாக நம் முன்னோர் சொல்லி வந்தனர். அதுவும் ஓர் ஊர்தி வழக்கே. தேரோட்டியவன் அரசன் மகன். முறையிட்டது வாயில்லா உயிர். அம்மணிக்கயிற்றில் விலைச்சீட்டு எதுவும் தொங்கவில்லை. தேர் வைத்திருப்போரிடம் தண்டிய காசில்தான் மணி ஒலிக்கும் என்று சோழன் சொல்லவுமில்லை.

வழக்கு நடத்தும் செலவை ஏற்றிவிட்டவர் யாரென்றும் பார்த்தல் வேண்டும். 2024 சூலை முதல் நாள் மூன்று குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. மூன்றிலும் பெயர் வடமொழி. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழிடம் சென்றே ஆக வேண்டும் என்பதை ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும். சோதனையைப் படம்பிடித்தல் வேண்டும். இவையெல்லாம் நல்லனவாகவே இருக்கட்டும். வல்லுநர்க்குச் சம்பளமும் கருவிக்கு விலையும் கொடுக்க வேண்டியது மாநிலம். சட்டம் தில்லியினுடையது, செலவு தமிழ்நாட்டினுடையது, உழவன் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை உறுதிசெய்வதும் தில்லியே! மாநிலங்கட்குப் பங்கில்லாத மேல்வரிகளைத் தண்டிக் குவிக்கும் நடுவணரசு, தான் சுமத்திய செலவில் தன் பங்கை அதினின்று தரட்டும்.

பணமே வேண்டாத சீர்திருத்தமும் உண்டு. கீழமை மன்றங்களில் தமிழ் வழங்க 1976-இலேயே சட்டம் திருத்தப்பட்டது. குற்றச்சாட்டும் சான்றுரையும் தீர்ப்பும் பிழையற்ற தமிழில் இருப்பின், தான் என்ன சொன்னோம் என்பதைச் சான்றினரே படித்துத் திருத்தலாம். வழக்கு பாதியில் உடையாது. உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் எனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானித்ததையோ, உச்ச முறைமன்றத்தின் கருத்தைக் காட்டி நடுவணரசு மறுத்தது.

தமிழக அரசு செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2023-க்குப் பின் வாழ்நாள் வரியால் மிகுதியாக வந்த தொகை எவ்வளவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு வழக்குரைஞர் இடங்கள் எத்தனை, அவற்றுள் நிரப்பப்படாதவை எத்தனை என்னும் கணக்கை அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு சட்டமன்றத்தில் வைக்கட்டும். வெற்றிடங்களை நிரப்பும் செலவைப் பொதுக்கருவூலத்தினின்று கொடுக்கட்டும். அக்கணக்கு வெளிவரும் முன் ஈருருளிமேல் இன்னொரு காசும் ஏற்றலாகாது.