ஒருமுறை பெறுவோம், ஊருக்கெல்லாம் வழங்குவோம்

இணையம் வந்துவிட்டது, இனிக் கல்வி எல்லார் வீட்டு வாயிலுக்கும் வரும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கொத்மலைத் தோட்டத்து லயத்தில், ஒரே தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்ந்திருக்க, பாடம் பாதியில் நின்றுபோவதைக் கண்டவர்கள் அம்முழக்கத்தை நம்பமாட்டார்கள். குறை எங்கே உள்ளது? அதை அறிய, ஒரு பாட்டோ படமோ கணினியிலிருந்து கணினிக்கு எவ்வாறு செல்கிறதென முதலில் காண்போம்.

எந்தக் கோப்பும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. அனுப்பும் கணினி அதனைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இலக்கமும் முகவரியும் பொறித்து அனுப்புகிறது. ஒரு பொதி பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. 50 இலட்சம் பைட்டுக் கொண்ட ஒரு பாடல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளாகிவிடுகிறது. கொத்மலையிலிருந்து கொழும்புக்குப் போகும் தேயிலை மூட்டைகள், சில கண்டி வழியாகவும் சில கினிகத்தேனை வழியாகவும் போய்ச் சேரலாம் அல்லவா? அதுபோலவே இப்பொதிகளும் வெவ்வேறு வழிகளிற் செல்லக்கூடும். பெறும் கணினி அவற்றை இலக்கப்படி அடுக்குகிறது; வராத பொதியை அனுப்பியவர் மீண்டும் அனுப்புகிறார். வின்டன் சேர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. அலைவரிசை மெலிந்த மலைச்சரிவில் பொதிகள் தவறுகின்றன. மீண்டும் மீண்டும் அனுப்ப நேர்கிறது. பாடம் நின்று நின்று ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறையை வெல்லும் வழியை உலகுக்குக் காட்டியது இதே கொத்மலைதான் என்பதை நாம் மறந்துவிட்டோம். 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலிக்கு, 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு இணையத் தொடர்பு கிடைத்தது. அதன் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். முன்சொன்ன பாடல் ஒன்று வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேலாகும்! ஆயினும் நிலையத்தார் சோர்ந்துவிடவில்லை. நேயர்கள் கேட்ட வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் வானலையில் எடுத்துரைத்தனர். ஒருவர் பெற்றதை ஊரே கேட்டது.

அந்தப் பாடத்தை நாடு கற்றதா? 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. 2021இல் ஊவாவின் மலைக்கிராமமொன்றில் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே குன்றேறிப் படித்தனர். ஒரே பாடத்தை ஆயிரம் வீடுகள் ஆயிரம் முறை இறக்கின. ஆயிரம் முறையும் கட்டணம் செலுத்தின. கொழுந்து பறித்த கூலியில் இச்செலவு எத்தகைய சுமை என்பதை அதிகாரிகள் அறியமாட்டார்களா?

கூகுளும் நெட்ஃபிளிக்சும் தம் கோப்புகளின் பிரதிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் நிலையங்களிலேயே வைத்து, அருகிலிருந்தே வழங்குகின்றன. இலாபத்துக்காக வணிகர் செய்வதை, கல்விக்காக அரசு ஏன் செய்யக்கூடாது?

நாம் கேட்பது பெரிதன்று. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு சேமிப்புக் கணினி வையுங்கள். ஊர் உறங்கும் வேளையில் பாடங்களை ஒருமுறை இறக்கிச் சேமியுங்கள். பகலில் பிள்ளைகள் பாடசாலைக் கம்பியில்லா இணைப்பின் வழியே காசின்றி அவற்றைப் பெற்றுக்கொள்ளட்டும். உருளைக்கிழங்கும் லீக்சும் பயிரிடும் உழவருக்கான பயிர்நோய் விளக்கப்படங்களும் அங்கேயே இருக்கட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று; ஆகவே தமிழ்ப் பாடங்கள் சிங்களப் பாடங்களுக்கு நிகராக அதில் இடம்பெற வேண்டும். இது சலுகையன்று, உரிமை.

இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும். மலையகத்தில் படித்து உயர்ந்த ஆசிரியர்களே, பொறியியலாளர்களே, நீங்கள் பயின்ற பள்ளியிலிருந்து இதனைத் தொடங்குங்கள். கல்வி அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் பின்தொடரட்டும். தவறிய பொதியைக் கணினி கைவிடுவதில்லை, மீண்டும் கேட்டுப் பெறுகிறது. தவறவிட்ட தலைமுறைக்காக நாமும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.